அவள் வென்ற விவாதம்

உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவை எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை. அப்பா நெளுக்குளத்தில் ஒருவருடைய வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். மிச்ச நேரத்தில் எங்கள் மேட்டுக்காணியில் கச்சான் கடலையும் மிளகாயும் போட்டார். அம்மாவும் கூடவே வேலைக்குப் போவாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளை எரித்த பிறகு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வந்த இடத்தில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அம்மாதான். அதே அம்மாதான் இப்போது விஞ்ஞானம் வேண்டாம் என்று நின்றாள்.

"கலை எடுத்தா டீச்சராவது ஆகலாம். சயன்ஸ் எடுத்து பெயிலாப் போனா என்னா செய்வ? மறுபடியும் மொளகா ஆயப் போவியா?"

"அவ ஆசப்படுறா, வுடேன்" என்றார் அப்பா.

"ஆசப்பட்டாப் போதுமா? அந்தப் பள்ளிக்கொடத்துல சயன்ஸுக்கு வாத்தியாரே இல்லேன்னு அவளேதானே சொல்றா."

அம்மா சொன்னதில் பிழையில்லை. வவுனியா நகரத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஒரு ஆசிரியர் இருந்தார். தாவரவியலையும் விலங்கியலையும் ஒரே ரீச்சர் இழுத்துக்கொண்டு போனார். பௌதிகவியல் படிப்பித்தவர் இடமாற்றம் கிடைத்துப் போன பிறகு அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. பாடசாலை அதிபரே என்னைக் கூப்பிட்டு, "யோசிச்சு எடும் பிள்ளை. பௌதிகத்துக்கு ஆள் வரும் வரும் எண்டு நானும் எத்தினை நாளாச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார்.

நான் யோசித்துத்தான் எடுத்தேன். வவுனியாவுக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரத்தம் சோதிக்கிற அறையில் ஒரு இளம்பெண் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக் குனிந்திருந்ததை நான் கதவடியில் நின்று நெடுநேரம் பார்த்தேன். அவள் நிமிர்ந்து, ஒரு வார்த்தையை எழுதி, அடுத்த கண்ணாடித் துண்டை வைத்தாள். அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மாவுக்கு எந்த மருந்து என்பது முடிவானது. அவள் இருந்த அந்தக் கதிரையில் நானும் ஒரு நாள் இருக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றைக்கு வந்தது. இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

வகுப்பில் நாங்கள் கொஞ்சப் பேர்தான். உயிரியல் படித்தவர்களும் கணிதம் படித்தவர்களும் பௌதிகத்துக்கு ஒன்றாக இருப்போம். படிப்பிக்க ஆளில்லாத அந்தப் பாடத்துக்கு எங்களோடு படித்த ஒரு பையன்தான் புத்தகத்தை விரித்து வைத்து உரத்து வாசிப்பான். அவனுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, புளியங்குளத்துப் பக்கம் ஒரு குளத்தின் கீழ் வயல்காணி எடுத்தவர். இவன் அங்கேயே பிறந்து வளர்ந்து தினமும் பஸ்ஸில் வந்து போனான். கணக்கு என்றால் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அவனுக்கும் விளங்காத இடம் வரும். அப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இனிக் கதைப்பம்" என்பான். நாங்களும் கதைப்போம். ரியூசன் இல்லாமல் சோதினை பாஸ் பண்ணலாமா, பாடத்தை விளங்கிப் படிப்பதா பாடமாக்குவதா, பெண்பிள்ளைகள் தூர இடத்துக்குப் போய்ப் படிக்கலாமா, பட்டம் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பதைவிட நெல் விதைப்பது மேலா. உண்மையில் அந்த வகுப்பில் நாங்கள் படித்ததைவிட வாதாடியதுதான் கூட.

எல்லா வாதமும் கடைசியில் கோட்டாவில்தான் வந்து முடியும். எங்களுடையது பின்தங்கிய மாவட்டம் என்று எழுதப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இந்த மாவட்டத்துக்கென்று கொஞ்ச இடங்களை ஒதுக்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எடுக்கவேண்டிய புள்ளியைவிடக் குறைவாக எடுத்தாலும் எங்களுக்கு இடம் கிடைக்கக்கூடும். அதைத் தெரிந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து சில பிள்ளைகள் இங்கே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கி, இங்குள்ள பாடசாலையில் பதிந்து, இங்கிருந்து பரீட்சை எழுதினார்கள். அப்படி வருகிறவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அந்தப் பையனுக்குக் காது சிவந்துவிடும்.

"நாங்கள் பள்ளத்துக்குள்ள நிக்கிறம் எண்டுதான் ஏணி வைச்சவங்கள். மேட்டில நிக்கிறவன் இறங்கி வந்து அதில ஏறினா என்ன நியாயம்?" என்று கேட்பான்.

அப்படி ஒரு பிள்ளை எங்கள் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். தவணை தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து, அதிபர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். இரட்டைப் பின்னல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. புளியங்குளத்தில் அவளுடைய சித்தப்பா சந்திக்குக் கிட்டக் கடை வைத்திருந்தார். அங்கே தங்கப் போகிறாள் என்றும், ஏன் வந்திருக்கிறாள் என்றும் வகுப்புக்கு முன்னமே தெரியும். ஒருவரும் தள்ளி இருந்து இடம் கொடுக்கவில்லை. என் நீள வாங்கில் இடம் இருந்தது. அவள் வந்து இருந்தாள்.

முதல் நாட்களில் என்னோடு மட்டும்தான் கதைத்தாள். "நீர் எங்கை இருந்து வாறனீர்?" என்று கேட்டாள். நெளுக்குளம் என்றேன். "அதுக்கு முதல்?" என்றாள். நான் ஆமா என்பதை ஓம் என்று மாற்றிக்கொண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ஏதோ ஒரு சொல் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவேண்டும். மலைநாட்டில் இருந்து வந்த கதையைச் சொன்னேன். அவள் இடையில் ஒன்றும் கேட்காமல் முழுவதையும் கேட்டாள். "நான் வந்தது உம்மைப் போல இல்லை. என்னைக் கொண்டுவந்து விட்டவை" என்றாள் பிறகு.

ஒரு நாள் பௌதிகப் பாடத்தில் அந்தப் பையன் வழக்கம்போலப் புத்தகத்தை மூடினான். கப்பியில் தொங்கும் இரண்டு திணிவுகளைப் பற்றிய கணக்கு அது. நாங்கள் கதைக்கத் தொடங்கினோம். அவள் எழுந்து கரும்பலகைக்குப் போய், ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல், கப்பியை வரைந்தாள். கயிற்றின் இழுவையை அம்புக்குறியால் போட்டாள். "இதை ஒரு பக்கத்துக்கு மட்டும் முதல்ல பாக்கவேணும். ரெண்டையும் ஒண்டாப் பாத்தா குழம்பும்" என்றாள். வகுப்பில் சத்தம் அடங்கியது. கணக்கு முடிந்ததும் அந்தப் பையன், "அந்த ரெண்டாவது வரி எப்பிடி வந்தது?" என்று கேட்டான். அதுதான் அவன் அவளிடம் முதன்முதலாகக் கதைத்தது. அவள் சொன்னாள். அதற்குப் பிறகு பௌதிகப் பாடங்களில் கரும்பலகைக்கு அவளும் போனாள், அவனும் போனான். கோட்டாவைப் பற்றிய கதையை மட்டும் அவள் இருக்கும்போது ஒருவரும் எடுப்பதில்லை.

அதை எடுத்தவர் எங்கள் தமிழ் ரீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் மாணவர் மன்றம் நடக்கும். மூடி வைத்துப் புகைவதைவிட மேடையில் வைத்துப் பேசுவது நல்லது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். வெளி மாவட்ட மாணவர் பின்தங்கிய மாவட்டத்துக்கு வந்து பரீட்சை எழுதுவது சரியா, பிழையா என்பதே தலைப்பு என்று அறிவித்தார். பக்கத்துக்கு மூன்று பேர். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார். வெண்கட்டிப் பெட்டிக்குள் கையை விட்டு நான் எடுத்த சீட்டில் 'சரி' என்று இருந்தது. அந்தப் பையனுக்கும் 'சரி'. அவளுக்கு 'பிழை'.

பையன் எழுந்து நின்றான். "ரீச்சர், நான் மனச்சாட்சிக்கு மாறாக் கதைக்கமாட்டன். எனக்கு மற்றப் பக்கத்தைத் தாங்கோ."

"மனச்சாட்சியோட கதைக்கிறது லேசு தம்பி. அது இல்லாமலும் கதைச்சுப் பாரும். அப்பதான் மற்ற ஆளின்ரை நியாயம் என்னெண்டு தெரியும்" என்றார் ரீச்சர். பிறகு அவளைப் பார்த்து, "உமக்குக் கஷ்டமெண்டால் மாத்தலாம்" என்றார்.

"இல்லை ரீச்சர். எனக்குக் கிடைச்சது இருக்கட்டும்" என்றாள் அவள்.

வெளியூரில் இருந்து வரலாம் என்று எப்படி வாதாடுவது என்று நான் பல நாள் யோசித்தேன். ஒரு பின்னேரம் அப்பா மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் மண்ணைத் தள்ளி விட்டுக்கொண்டே நான் கேட்டேன். "அப்பா, நாம இந்த ஊர் ஆளா?"

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. நாந்தான் கேக்குறேன்."

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். தோட்டத்தில் இருந்தபோது அவருக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்தது. பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். எந்த ஊர் ஆள் என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

"நம்ம அரிசிக் கூப்பன் இங்க இருக்கு. நீ படிக்கிறது இங்க. செத்தாலும் இங்கதான் பொதைக்கப் போறாங்க. வேற என்னா வேணும்?" என்றார். பிறகு, "அந்தத் தண்ணி வீணாப் போவுது பாரு" என்று வாய்க்காலைக் காட்டினார்.

விவாதம் நடந்த அன்று ஓலை வேய்ந்த எங்கள் நீள மண்டபத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வந்து இருந்தார்கள். அதிபரும் வந்து பின்னுக்கு ஒரு கதிரையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் முதலில் நான் பேசினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் குரல் எனக்கு எப்போதும் பெரிது.

"வந்தவர் வரக்கூடாது என்றால் இந்த மண்டபத்தில் யார் மிஞ்சுவார்கள்?" என்று கேட்டேன். "நான் மலைநாட்டில் இருந்து வந்தவள். என் பக்கத்தில் இருந்து பேசப் போகிறவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். எங்கள் ரீச்சர் மட்டக்களப்பில் இருந்து வந்தவர். வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினால் குளமும் குரங்குகளும்தான் இங்கே மிஞ்சும்." பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "பௌதிகவியல் ஆசிரியருடைய கதிரை எவ்வளவு காலமாக வெறுமையாகக் கிடக்கிறது? அதை வெறுமையாக விட்டவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை, வாங்கில் வந்து இருந்த ஒரு மாணவியிடம் ஏன் கேட்கிறோம்?"

பின்னுக்கு இருந்த அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது தெரிந்தது.

பிறகு அவள் எழுந்தாள். அவையோருக்கு வணக்கம் சொல்லி, நல்ல செந்தமிழில்தான் தொடங்கினாள். ஒதுக்கீடு என்பது தானம் அல்ல, ஒரு குறைக்கு ஈடு. அந்தக் குறையை அனுபவிக்காதவர் ஈட்டை மட்டும் எடுத்துக்கொள்வது முறையல்ல என்றாள். அதுவரை எல்லா விவாதத்தையும் போலத்தான் இருந்தது. பிறகு நிறுத்தினாள். கையில் இருந்த தாளை மடித்தாள். அதற்குப் பிறகு வந்தது மேடைத் தமிழ் இல்லை.

"எனக்கு யாழ்ப்பாணத்தில பௌதிகத்துக்கு ரெண்டு மாஸ்ரர்மார். ஒராள் சொன்னது விளங்காட்டி மற்ற ஆளிட்டைப் போவன். இஞ்ச எனக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளை ஒரு கணக்கை விளங்குறதுக்கு ஒரு கிழமையா ஆரையாவது தேடித் திரியிறா. நான் அவாவை விடக் கெட்டிக்காரி இல்லை. எனக்குச் சொல்லித்தர ஆக்கள் இருந்தவை, அவ்வளவுதான். அவாக்கெண்டு வைச்ச இடத்தில நான் போய் இருக்கிறதை ஒருத்தரும் களவெண்டு சொல்லேலாது. சட்டமும் சொல்லாது. ஆனா என்னால அங்க நேரா நிமிர்ந்து இருக்கேலாது."

அவள் போய் இருந்தாள். கை தட்டுவதா விடுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டதைப் போலவும், அதற்கு எதிராக நான் இவ்வளவு நேரம் வாதாடியதைப் போலவும் இருந்தது.

கடைசியாக அந்தப் பையன் பேசவேண்டும். அவன் தாளைப் பார்த்து இரண்டு வரி சொன்னான். மூன்றாவதில் நின்றுவிட்டான். "எனக்கு இதுக்கு மேல வருகுதில்லை ரீச்சர்" என்றான். "அவா சொன்னது சரி. ஆனா அவா போகவேண்டாம்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டான். பிள்ளைகள் கொஞ்சம் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை.

ரீச்சர் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது. எழுந்து நின்றார். விவாதம் என்று வந்தால் நியாயத்தை நன்றாக வைத்தவர்களுக்குத்தான் வெற்றி, ஆகவே பிழை என்று வாதாடியவர்களே வென்றார்கள் என்றார். அப்படி, தான் எங்கள் வகுப்பில் இருக்கக்கூடாது என்ற விவாதத்தில் அவள் வென்றாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை காலையில் அந்தப் பையன் என்னைத் தேடி வந்து, அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நிற்கிறாராம், அவள் திரும்பிப் போகிறாளாம் என்றான். இதைக் கேட்டு ரீச்சருக்கு முகம் வாடிவிட்டது. "நான்தான் பிள்ளைக்குக் கரைச்சல் குடுத்தன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று பாடசாலை விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு புளியங்குளத்துக்குப் பஸ் ஏறினார். முன் பஸ்ஸில் போன பையன் சந்தியில் இறங்கி எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

சித்தப்பாவின் வீடு கடைக்குப் பின்னால் இருந்தது. முன்அறையில் அவளுடைய அப்பா இருந்தார். அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்ப்பவர். மெலிந்த மனிதர். கோபத்தோடு இருப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு போனோம். அவர் எழுந்து ரீச்சருக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"பிள்ளையைப் போட்டியில நிப்பாட்டினது என்ரை பிழை ஐயா" என்று தொடங்கினார் ரீச்சர்.

"இல்லை ரீச்சர். அவள் வந்த நாளில இருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவள். நான்தான் கேக்கேல்லை." அவர் தானும் இருந்துகொண்டு சொன்னார். "இவளின்ரை அண்ணன் நல்லாப் படிச்சவன். கொஞ்சப் புள்ளியில தவறிப்போச்சு. இந்தப் பக்கம் எழுதியிருந்தால் டொக்டராப் போயிருப்பான். ஒரு வருசம் அறையை விட்டு வெளிய வரேல்லை. பிறகு ஜேர்மனிக்குப் போறன் எண்டு போயிட்டான். அங்க ஏதோ ஒரு ஹோட்டல்ல கோப்பை கழுவுறானாம். இவளுக்கும் அப்பிடி ஆகக்கூடாது எண்டுதான் கொண்டுவந்து விட்டனான். நான் ஆரின்ரையும் இடத்தைப் பறிக்கவேணும் எண்டு நினைக்கேல்லை."

காது சிவக்க இருந்து கேட்ட பையன்கூடத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

அவர் என்னைப் பார்த்தார். "நீர்தானே பிள்ளை, வரலாம் எண்டு கதைச்சது? இப்பவும் அவளோட ஒருக்காக் கதைச்சுப் பாரும்."

அவள் குசினிக்குப் பின்னால் கிணற்றடியில் இருந்தாள். துணிகள் மடித்து வைத்த பை பக்கத்தில் இருந்தது. நான் போய் அருகில் இருந்தேன்.

"உங்கட அப்பா உன்னை நிக்கச் சொல்லிக் கேக்கச் சொன்னவர்" என்றேன்.

"தெரியும்."

"நில்லு."

அவள் சிரித்தாள். "நீ எனக்காகச் சொல்லுறியோ, பௌதிகத்துக்காகச் சொல்லுறியோ?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன். அது உண்மை. அவள் போய்விட்டால் கரும்பலகையில் கப்பி வரைய ஆளில்லை என்பதும் என் மனதில் இருந்தது. அவள் அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாக நீ என்று கூப்பிட்டாள் என்பதையும் கவனித்தேன்.

"நான் ரோசத்தில போறன் எண்டு நினைக்காதை" என்றாள். "இஞ்ச எழுதினா எனக்குக் கிடைக்கும். உனக்குக் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு நாளும் உனக்குப் பக்கத்தில இருந்துகொண்டு அதை நினைச்சு நினைச்சுப் படிக்க என்னால ஏலாது. அங்க போய் எனக்குத் தெரியாத ஆக்களோட போட்டி போடுறன். லீவுக்கு லீவு இஞ்ச வாறன். அப்ப படிப்பம்."

நான் திரும்பி முன்அறைக்கு வந்தேன். "நிக்கச் சொல்லிக் கேட்டனான் ஐயா. அவா சொல்லுற காரணத்துக்கு எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அங்க எழுதி அவளுக்கும் கிடைக்காட்டி?" என்று கேட்டார். அதை யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. உள்ளே இருந்து சித்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாரும் குடித்தோம். அடுத்த நாள் அவள் தகப்பனோடு யாழ்ப்பாணம் போனாள்.

சொன்னபடி லீவுகளில் வந்தாள். பாடசாலை பூட்டிக் கிடக்கும் நாட்களில் நானும் அவளும் அந்தப் பையனும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் வீட்டு வேப்பமரத்தின் கீழ் சாக்கை விரித்துப் போட்டு இருப்போம். யாழ்ப்பாணத்து மாஸ்ரர் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே எங்களுக்குச் சொல்வாள். அவளுக்குக் கணக்கில் தடைப்பட்ட இடங்களை அந்தப் பையன் சொல்லிக்கொடுப்பான். நான் இருவருக்கும் விலங்கியல் படங்களை வரைந்து காட்டுவேன், கணிதப் பையனுக்கு அது எதற்கும் உதவாது என்றாலும் அவனும் பார்ப்பான்.

மத்தியானத்தில் அம்மா ரொட்டி சுட்டு, தேங்காயும் செத்தல் மிளகாயும் இடித்த சம்பலோடு தருவாள். அவளோடு அம்மா தன் மலைநாட்டுப் பேச்சிலேயே கதைப்பாள். அவளுக்கு முதலில் பாதிதான் விளங்கியது. ஒரு நாள் அம்மா அவளுடைய தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கெடைக்கிற எடத்த வுட்டுட்டு ஏம்மா போன?"

"அது எனக்குரிய இடமில்லை, அம்மா."

"அப்புடிப் பாத்தா எங்களுக்கு ஒலகத்துல ஒரு எடமும் இல்ல புள்ள. கெடச்ச எடத்துலதான் ஒக்காந்துருக்கோம்."

அம்மா குத்திக் காட்டவில்லை, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. சம்பலின் உறைப்பு என்று அந்தப் பையன் நினைத்துத் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தான்.

நாங்கள் பரீட்சை எழுதி முடித்த பிறகு எண்பத்துமூன்றுக் கலவரம் வந்தது. மலைநாட்டில் இருந்தும் கொழும்பில் இருந்தும் மறுபடியும் குடும்பங்கள் வந்து இறங்கின. எங்கள் பாடசாலை நிறைய அவர்கள் இருந்தார்கள். நாங்கள் விவாதம் செய்த மண்டபத்தில் கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். அம்மா காலையிலேயே அங்கே போய்ப் பெரிய கிடாரத்தில் கஞ்சி கிண்டுவாள். நான் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே நிற்கும்போதுதான் பரீட்சை முடிவு வந்துவிட்டது என்று பையன் சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு நல்ல புள்ளி. கட்டாயம் பொறியியல் கிடைக்கும். சைக்கிளை விட்டு இறங்கியும் அதை அவன் உடனே சொல்லவில்லை.

"உமக்குப் பௌதிகம் பிழைச்சுப்போச்சு" என்றான். "மற்றது மூண்டும் பாஸ்."

யாழ்ப்பாணத்தில் எழுதிய அவளுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை என்று சித்தப்பாவின் கடையில் இருந்து செய்தி வந்தது. விஞ்ஞான பீடத்துக்குக் கிடைக்கக்கூடும் என்றார்கள்.

நான் கஞ்சிக் கிடாரத்தடிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். மறுபடியும் மிளகாய் ஆயப் போகிறாயா என்று நான் எதிர்பார்த்த கேள்வியை அவள் கேட்கவில்லை. அகப்பையைச் சுற்றிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். கிடாரத்தின் அடியைச் சுரண்டிக் கிண்டினாள்.

அன்று பின்னேரம் வீட்டில் அப்பாதான் தயங்கினார். நாடு இருக்கிற இருப்பில் இன்னொரு வருடம் எதற்கு, கடை ஒன்றில் வேலைக்குச் சேரலாமே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"மூணுல பாஸாகியிருக்கா" என்றாள் அம்மா. "வாத்தியார் இருந்த மூணுலயும் பாஸாகிட்டா. இல்லாத ஒண்ணுலதானே போச்சு? அது எப்புடிப் பெயிலாகும்? திருப்பி எழுதட்டும்."

விஞ்ஞானம் வேண்டாம் என்று நின்ற அம்மா வாயில் இருந்து அது வந்ததை நானும் அப்பாவும் நம்பாமல் பார்த்தோம்.

அந்த வருடம் அவள்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து கணக்குகளை எழுதி பஸ்ஸில் வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டாள். நான் செய்து திருப்பி அனுப்புவேன். பிழையான இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வரும். இரண்டாம் முறை எழுதினேன். பௌதிகம் சுமாரான சித்திதான். ஆனால் எங்கள் மாவட்டத்து இடங்களில் ஒன்று எனக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்து விஞ்ஞான பீடத்தில் அவளுக்கு அடுத்த வருடத்து மாணவியாகப் போய்ச் சேர்ந்தேன்.

தங்குவதற்கு இடம் தேடவேண்டியிருந்தது. பஸ் நிலையத்துக்கு அவளும் அவளுடைய அப்பாவும் வந்து நின்றார்கள். இடம் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். "பாத்தாச்சு" என்றார் அவர். என் பெட்டியைத் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். நேரே தங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். முற்றத்துப் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு அறையைத் திறந்தார். கட்டிலும் மேசையும் ஒரு அலுமாரியும் இருந்தன. அலுமாரியின் ஒரு தட்டில் ஆண்பிள்ளையின் சட்டைகள் மடித்தபடி இருந்தன.

"மகன்ரை அறை" என்றார். "அவன் வாற மாதிரித் தெரியேல்லை. நீர் இருந்து படியும்."

சட்டைகளை எடுத்துக்கொண்டு போக வந்தவர், அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பட்டம் முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கவேண்டும் என்றேன். ஒருவரிடமும் சொல்லாத ஆசையை அவரிடம் எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் சிரிக்கவில்லை. அதற்கு எந்தப் பாடத்தை எடுக்கவேண்டும் என்று மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் ஒன்றைச் சொன்னாள், அவர் வேறொன்றைச் சொன்னார். இரண்டு பேரும் வாசலில் நின்றபடியே வாதாடத் தொடங்கினார்கள். நான் பெட்டியைத் திறந்து என் உடுப்புகளை அந்தத் தட்டில் அடுக்கினேன்.